99991-ஐ வகுத்தேன்

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆவணியில் அக்காவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. படப்பையில் பஸ் ஏறித் தாம்பரம் பக்கத்துக் கல்லூரிக்குக் கணிதம் படிக்கப் போய்க்கொண்டிருந்தவள். காமாலைக்கு ஊசி போட்டால் உயிருக்கு ஆபத்து என்று அப்பா உறுதியாக நம்பினார். அப்பா எதையுமே உறுதியாகத்தான் நம்புவார். பக்கத்து ஊரில் ஒருவர் கொடுத்த பச்சிலையும் உப்பில்லாத கஞ்சியுமாக அக்கா உள்ளறையில் கிடந்தாள்.

தொற்றிக்கொள்ளும் என்று என்னைக் கிட்டே விடவில்லை. ஐந்தாம் வகுப்புக்காரி நான் அடங்குவேனா? கதவருகே நின்றுகொண்டு பாண்டி ஆட வா, வா என்று நச்சரித்தேன். ஒரு நாள் அக்கா என் சிலேட்டை வாங்கி 99991 என்று எழுதிக் கொடுத்தாள்.

"இத்த மீதி வராம வகுத்துக் காட்டு. ஒண்ணாலயும் வகுக்கக் கூடாது, அதே நம்பராலயும் கூடாது. நீ காட்டுற அன்னிக்கு நான் எழுந்து வந்து பாண்டி ஆடறேன்."

அவளை ஏமாற்ற முடியாது. என் வீட்டுக்கணக்கில் ஓர் இலக்கம் தப்பினாலும் முழுக் கணக்கையும் அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்பவள். அதனால் ஒழுங்காகவே வகுத்தேன். மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சியது. ஏழால் வகுத்தால் மூன்று. பதின்மூன்றுக்கு எட்டு மிஞ்சியபோது அந்த எண்மேல் எனக்குக் கெட்ட கோபம் வந்தது. அதற்குள் அக்கா கஞ்சியையும் தள்ளிவிட ஆரம்பித்திருந்தாள். வயிறு வீங்கிக்கொண்டே போனது. நான் வகுத்து முடித்தால் எழுந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். வீட்டில் வேறு யாரும் அதற்காக ஒன்றும் செய்வதாகத் தெரியவில்லை.

இருபத்துமூன்றில் மீதியே வரவில்லை. சிலேட்டோடு ஓடினேன். வாசலில் வாடகைக் கார் நின்றது. அப்பா கடைசியில் பிடிவாதத்தை விட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சம்மதித்திருந்தார். பின்சீட்டில் அம்மாமேல் சாய்ந்திருந்தாள் அக்கா.

"அக்கா, இருபத்துமூணு! மீதியே இல்ல!"

"இப்ப இன்னாடி இது, தள்ளு," என்றாள் அம்மா.

அக்கா சிலேட்டுக்குக் கை நீட்டினாள். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள். பலப்பத்தைக் கேட்டு வாங்கி ஒரு டிக் போட்டாள்.

"கரெக்ட்டுடி. போய்க் கட்டம் போட்டு வை, வரேன்."

தெருவில் பாண்டிக்கட்டம் போட்டு வைத்தேன். மறுநாள் அதே கார் அக்காவைக் கொண்டுவந்தது. துக்கத்துக்கு வந்தவர்களின் கால் பட்டுக் கட்டங்கள் அழிந்தன. சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று அவள்மேல் வெகுநாள் கோபமாக இருந்தேன்.

அக்கா படித்த பாடத்தையே பிறகு நானும் படித்தேன். 99991 ஒரு பகா எண். தன்னையும் ஒன்றையும் தவிர எதனாலும் அது வகுபடாது. இருபத்துமூன்றை ஏழால் பெருக்கினால் நூற்று அறுபத்தொன்று. நான் நூற்று எழுபத்தொன்று என்று போட்டிருக்கிறேன். அந்த ஒரு கணக்கை மட்டும் அக்கா அழிக்கச் சொல்லவில்லை.

டிக் போட்ட கையை அம்மா பிடித்துக்கொண்டு தேம்பியபடிதான் கார் கிளம்பியது. அம்மா எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை. கணக்குதான் சரியாக வந்துவிட்டதே.