ராட்டினத்தில் ஏறாதவர்

லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து குடும்பத்தோடு மெட்ராஸ் பொருட்காட்சிக்குப் போயிருந்தோம். பெரிய ராட்டினத்தில் என் கணவர் மட்டும் ஏறவில்லை.

"வூட்டு ஆளுங்க எல்லாரும் ஒரே கட்டுமரத்துல போவோமா? கரையில ஒருத்தர் நின்னாதான் போனவங்க திரும்புவாங்க" என்றார். எங்கள் செருப்புகளை வைத்துக்கொண்டு, அப்பளம் தின்றபடி, நாங்கள் கீழே வரும்போதெல்லாம் சிரித்தார்.

திடீரென்று கரண்ட் போய், உச்சியில் மாட்டிக்கொண்டோம். பிள்ளைகள் அழுதார்கள். "நான் இங்கதான் கீறேன்" என்று இருட்டிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

அந்த வருஷம் ஐப்பசியில் கடலுக்குப் போனவர் புயலில் சிக்கித் திரும்பவில்லை. அன்றும் நான் கரையில்தான் நின்றிருந்தேன்.

இப்போது பிள்ளைகளை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, செருப்புகளோடு கீழே நிற்கிறேன். கரண்ட் போகாவிட்டாலும், "இங்கதான் கீறேன்" என்று ஒவ்வொரு சுற்றுக்கும் குரல் கொடுக்கிறேன்.