மடியில் விரித்தால் மூடாத புத்தகம்

கண்ணாடி அக்காவின் வீட்டுக்காரரை, அவர் வேலை பார்த்த சோபாக் கடையில் எல்லோரும் 'ரேடியோ' என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்குள் கால் வைத்த ஆளைப் பேசிப் பேசியே உட்கார வைத்து, சோபாவைத் தலையில் கட்டி அனுப்பிவிடுவார். வாங்குகிற எண்ணமே இல்லாதவர்கள்கூட அவர் வாயைக் கேட்பதற்காகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அக்கா இரண்டு தெரு தள்ளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். பெயர் அப்படி வந்ததுதான். வீட்டில் அவர் பேசுவார், அவள் 'ம்' கொட்டுவாள். குடும்பம் அப்படியே சுகமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் பல் தேய்க்கப் போனவர் தண்ணீர்க் குழாயடியிலேயே சரிந்துவிட்டார். பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லாமல் திரும்பி வந்தார். ஆனால் வலது கை துவண்டுவிட்டது, பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு சொல்தான் மிச்சம்: 'செவ்வாய்க்கிழமை'. தண்ணீர் வேண்டுமென்றாலும் செவ்வாய்க்கிழமை, தலை வலித்தாலும் செவ்வாய்க்கிழமை. இருக்கிற சொல்லிலெல்லாம் அது ஏன் தங்கியது என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அவருக்கு எல்லாம் புரியுதும்மா. சொல்ல வேண்டியது உள்ளே இருக்கு, வர்ற வழிதான் அடைச்சுக்கிச்சு. நீங்க கேக்குற விதத்தை மாத்திப் பாருங்க."

அக்கா மாற்றினாள். 'என்ன வேணும்?' என்று கேட்பதை விட்டாள். 'குளிக்கணுமா?' என்று கேட்டு, அவர் தலையசைக்கும் வரை வாயை மூடிக்கொண்டு நின்றாள். அதற்கப்புறம்தான் அடுத்த கேள்வி. பேசும்போது டிவியை அணைத்தாள். புரியாததைப் புரிந்ததுபோல் தலையாட்டுவதை நிறுத்தினாள். அப்படித் தலையாட்டினால்தான் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். சட்டை, செருப்பு, ஜன்னல், வலி என்று படம் வரைந்து தொட்டுக் காட்டச் சொன்னாள். அவள் வரைந்த செருப்பைப் பார்த்து அவர் விழுந்து விழுந்து சிரித்தார். படகு மாதிரி இருந்ததாம். கையால் துடுப்புப் போட்டுக் காட்டினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த மற்ற நோயாளிகளின் வீட்டார் இந்த முறையைப் பற்றி அவளிடம் கேட்கத் தொடங்கினார்கள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை வற்றிப்போனபோது, பயிற்சிப் பெண்தான் எழுதச் சொன்னாள். இருபது வருஷமாக 'ம்' மட்டும் கொட்டியவளுக்கு இத்தனை சொற்கள் எங்கே இருந்தன என்று அவளுக்கே ஆச்சரியம். எழுதி, தொட்டுக் காட்டும் படங்களையும் சேர்த்து முடித்தபோது அது ஒரு புத்தகமாகவே ஆகிவிட்டது.

அக்காவின் தம்பி சும்மா இருக்கவில்லை. நாலு பேருக்குத் தெரிந்த ஒரு பெரிய பதிப்பகத்துக்கு அதை அனுப்பிவைத்தான். அங்கிருந்து போன் வந்தது. நேரில் வரச் சொன்னார்கள்.

கொண்டையில் பென்சிலைச் செருகியிருந்த ஓர் இளம் எடிட்டர் மேசையில் இடம் ஒதுக்கி உட்கார வைத்தாள். அக்கா எழுதியதில் பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறிப்பு.

"அக்கா, நாங்க போடுறோம். நிறைய பேருக்கு உதவும். ஆனா வரிசையில நிறைய புத்தகம் இருக்கு, கொஞ்சம் பொறுக்கணும். அப்புறம் ஆஸ்பத்திரி அழுகையை முதல்ல வைக்காதீங்க. வாங்குறவங்க ஏற்கெனவே அழுதுட்டுத்தான் வர்றாங்க. சாப்பாட்டு நேரம் பத்தி எழுதியிருக்கீங்களே, அதுல ஆரம்பிங்க."

அக்காவுக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது. தன் எழுத்தை முன்பின் தெரியாத ஒருத்தி இவ்வளவு அக்கறையாகப் படித்திருக்கிறாளே என்று. அளவு தெரிய வேண்டுமென்று அவர்கள் போட்ட வேறொரு புத்தகத்தையும் கையில் கொடுத்தனுப்பினாள்.

வீட்டுக்கு வந்து அதை ரேடியோவின் மடியில் வைத்தாள். "இந்த மாதிரிதாங்க வரும். பாருங்க."

அவர் இடது கையால் திறந்தார். பக்கம் புரட்டக் கையை எடுத்ததும் புத்தகம் படக்கென்று மூடிக்கொண்டது. முழங்காலால் அழுத்திப் பார்த்தார். முகவாயால் பிடித்துப் பார்த்தார். கடைசியில் அது வழுக்கிக் கீழே விழுந்தது. "செவ்வாய்க்கிழமை!" என்றார், கெட்ட வார்த்தை திட்டுகிற தொனியில். அக்கா சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். படம் தொட்டுக் காட்ட வேண்டியவர் அவர். அவருக்கே பிடிக்க வராத புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ரேடியோ எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், அலமாரி மேலிருந்த மேசைக் காலண்டரை எடுத்துவந்தார். மேலே கம்பிச் சுருள் போட்டது. மடியில் வைத்து ஒரே விரலால் மாதத்தைப் பின்னால் தள்ளினார். அது அப்படியே நின்றது. அடுத்ததையும் தள்ளினார். பிறகு அவளைப் பார்த்த பார்வையில் பழைய விற்பனைக்காரர் இருந்தார்.

மறுநாளே அக்கா எடிட்டரிடம் போய்ச் சொன்னாள். எடிட்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "ஸ்பைரல் போட்டா முதுகு இருக்காதுக்கா. முதுகுல பேர் இல்லாத புத்தகத்தைக் கடையில அடுக்கவே மாட்டாங்க. சுருள் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும். இருந்தாலும் கேட்டுப் பாக்குறேன்." அவள் உள்ளே போய்ப் பேசிப் பார்த்தாள். திரும்பி வந்து உதட்டைப் பிதுக்கினாள்.

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். "ஒரு கம்பிக்காக இவ்வளவு பெரிய இடத்தை விடுறியா? சொந்தமா போட்டா யாருக்கா வாங்குவா? கட்டில் அடியில கிடக்கும்."

"கிடக்கட்டும்டா," என்றாள் அக்கா. ஆனால் அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அவள் ரேடியோவின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, எழுதிய முறைப்படியே கேட்டாள்.

"அவங்களே போடட்டுமா?"

இல்லை என்று தலையசைத்தார்.

"நாமளே போடலாமா?"

ஆமாம்.

"விக்காம போச்சுன்னா?"

அவர் இடது கையால் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுபோல. ஒரே ஒரு சொல் பேசுகிற விற்பனைக்காரர்! அவளுக்குச் சிரிப்பும் வந்தது, தைரியமும் வந்தது.

சொல்லிக்கொண்டு வரப் போனபோது எடிட்டர் கோபித்துக்கொள்வாள் என்று பயந்திருந்தாள். அவளோ குறிப்பெழுதிய தாள்கட்டை அப்படியே எடுத்து நீட்டினாள். "உங்க இடத்துல இருந்தா நானும் இதைத்தான் செய்வேன். இதை இங்க வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்? எடுத்துட்டுப் போங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். எழுத்தை இவ்வளவு பெரிசா போடாதீங்க. ஒரு வரிக்கு ரெண்டு வார்த்தைதான் நிக்குது, படிக்கிறவங்களுக்கு மூச்சு முட்டும்."

கண்ணாடிக் கடையில் எத்தனையோ பேரை எழுத்துப் பலகை படிக்க வைத்த அக்காவுக்கு முதலில் சுருக்கென்றது. வீட்டில் இரண்டு அளவிலும் அச்செடுத்து ரேடியோவிடம் காட்டினாள். அவர் யோசிக்காமல் சின்னதைத் தொட்டார். எடிட்டர் சொன்னதே சரி.

அச்சகக்காரர் பொறுமைசாலி. முதலில் அடித்த பிரதிகளில் துளையைப் பக்கத்தின் தவறான ஓரத்தில் போட்டுவிட்டு, அக்கா சொல்வதற்கு முன்பே நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுபேச்சில்லாமல் திரும்ப அடித்துக் கொடுத்தார். பெட்டிகள் வந்து சேர்ந்தன. தம்பி சொன்னது அப்படியே பலித்தது: கட்டில் அடி நிரம்பி, சாப்பாட்டு மேசைக்குக் கீழேயும் வந்துவிட்டது. கால் நீட்டிச் சாப்பிட முடியவில்லை. கடைகளில் ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போதும் கைகொடுத்தது பயிற்சிப் பெண்தான். மேலிடத்தில் அனுமதி வாங்கி, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு மேசை போடச் செய்தாள். அக்கா புத்தகங்களை அடுக்கிவிட்டு, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். சக்கர நாற்காலியில் ஒருவரைத் தள்ளிக்கொண்டு அவர் மனைவி வந்தாள். தூக்கம் கெட்ட முகம். ரேடியோ எழுந்தார். ஒரு புத்தகத்தை எடுத்து அந்த மனிதரின் மடியில் விரித்தார். ஒரு விரலால் பக்கத்தைத் தள்ளி, வலி என்ற படத்தைத் தொட்டு, தன் தோளைத் தொட்டு, பிறகு அவரைப் பார்த்து, "செவ்வாய்க்கிழமை?" என்றார். சோபாவில் கை வைத்து 'எப்படி, மெத்துனு இருக்கா?' என்று கேட்கும் அதே இழுவை. அந்த மனிதர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெல்ல விரலை நீட்டி, அதே பக்கத்தில் இருந்த முழங்கால் படத்தின் மேல் வைத்தார்.

"முழங்காலா வலிக்குது?" என்றாள் மனைவி. "இத்தனை நாளா அதுக்குத்தான் கத்தினீங்களா?"

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானை நனைந்தது.

அதற்குப் பிறகும் புத்தகம் ஒன்றும் அள்ளிக்கொண்டு போகவில்லை. வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது, ஆனால் நிற்காமல் போனது. சாப்பாட்டு மேசைக்குக் கீழே கால் நீட்ட முடிந்தது. பெட்டி தூக்கியவன் தம்பிதான், முனகிக்கொண்டே தூக்கினான். மறுபதிப்பு போட்டபோது நன்றிப் பக்கத்தில் தன் பெயர் வேண்டாம் என்று எடிட்டர் கையெடுத்துக் கும்பிட்டாள், ஆபீஸில் சங்கடமாம். 'கொண்டையில் பென்சில் செருகியவருக்கு' என்று போட்டாள் அக்கா.

அந்த மறுபதிப்பு அச்சுக்குப் போகுமுன் ஒரு போன் வந்தது. எங்கிருந்தோ ஒரு பெண். "அக்கா, எங்க வீட்டுக்காரருக்குப் பேச்சே இல்ல. ஆனா பாட்டுப் போட்டா கூடவே பாடுறாரு, வார்த்தையோட! இதை ஏன் உங்க புத்தகத்துல எழுதல?"

அக்கா பயிற்சிப் பெண்ணைக் கேட்டாள். சிலருக்கு அப்படி வரும் என்றாள் அவள். அக்கா உடனே அச்சகக்காரரைக் கூப்பிட்டாள். "ஒரு பக்கம் சேக்கணும்ணே, கொஞ்சம் நிறுத்துங்க." தன் புத்தகம், யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

பிறகு அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் ஊரெல்லாம் கேட்ட ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டு ரேடியோவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தக் காலத்திலேயே அவருக்குச் சுருதி என்றால் என்னவென்று தெரியாது. இப்போதும் அப்படித்தான். பல்லவியில் மூன்று வார்த்தை வந்தது, நடுவில் கொஞ்சம் நழுவியது, மறுபடி ஒன்று வந்தது. அக்கா 'ம்' கொட்டவில்லை. அவளும் கூடவே பாடினாள், அவரைவிட மோசமாக.