மூக்குத்தியைக் கழற்றச் சொல்லாத நர்ஸ்

புண் கழுவுகிற வேலையில் பாதி, அதன்மேல் அடுத்தவர் பூசிவிட்டதைச் சுரண்டுவதுதான். புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸிங் ரூமில் நின்றவர்களுக்குத் தெரியும். தொண்ணூறுகளில் ஆம்பூரில் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸாகச் சேர்ந்தேன். காது, மூக்கு குத்திப் புண்ணானவர்களை டாக்டர் என் பக்கம் தள்ளிவிடுவார்.

மூக்கு யாருடையது?

மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் செல்வி தோல் ஷூ தைப்பவள். முதல் சம்பளத்தில் மூக்கு குத்திக்கொண்டாள். மூக்குத்தியின் திருகு நிற்கவில்லை என்று ஷூ ஒட்டுகிற பசையை வைத்துவிட்டாள். சீழ் வடிந்தது. கழற்றிவிட்டு வா, இல்லாவிட்டால் வேலைக்கு வராதே என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

அப்போது கழற்றினால் துளை மூடிக்கொண்டு சீழ் உள்ளேயே தங்கிவிடும். டாக்டர் மாத்திரை எழுதினார். காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரில் இரண்டு வேளை கழுவு, விரலால் திருகாதே என்றேன் நான். ஆறும்வரை கழற்றக் கூடாது என்று டாக்டரிடம் சீட்டும் வாங்கிக் கொடுத்தேன். சீட்டை நீட்டி சூப்பர்வைசரிடம் என்ன சொன்னாள் என்பதை, மூக்கு ஆறியபின் வந்து சொன்னாள்:

"தோலு கம்பெனியோடது சார், மூக்கு என்னுது."

தண்டனை

கிரேஸ் டீச்சர் காதில் இரண்டாவது துளை போட்ட இடத்தில் தழும்பு நாவல்பழம் அளவுக்கு வளர்ந்திருந்தது. வேறெங்கோ இரண்டு முறை வெட்டினார்கள். இரண்டு முறையும் முன்னைவிடப் பெரிதாக வந்தது. நகை ஆசைக்கு ஆண்டவர் கொடுத்த தண்டனை என்று மாமியார் ஜெபக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து டீச்சர் முந்தானையால் காதை மூடிக்கொண்டுதான் பாடம் நடத்தினார்.

எங்கள் டாக்டர் கத்தியை எடுக்கவில்லை. மாதம் ஒருமுறை தழும்புக்குள்ளேயே ஊசி. நான் தலையைப் பிடித்துக்கொள்வேன். டீச்சர் என் கையை நெரிப்பார், அழ மாட்டார். ஏழாவது மாதம் அது மிளகளவுக்குச் சுருங்கியது. முந்தானையை இறக்கிவிட்டுக் கேட்டார்:

"தண்டனையா இருந்தா ஊசிக்குக் கரையுமா, சிஸ்டர்?"

ஸ்டீல் மணி

இரண்டாயிரத்துக்கு அப்புறம் வந்தவன் இம்ரான். தோல் தரம் பிரிக்கிற வேலை. பெங்களூரில் யாரோ அவன் ஆசைப்பட்டபடி, அழகுக்காக வலது மணிக்கட்டில் தோலுக்கடியில் ஒரு ஸ்டீல் மணியை வைத்துத் தைத்திருந்தார்கள். கை சிவந்து வீங்கி, காய்ச்சல் வேறு. டாக்டர் திட்டிக்கொண்டே மணியை எடுத்தார். நான் திட்டவில்லை, வலியோடு வந்தவனுக்கு அது எதற்கு? புண் மூடியதும் தழும்பு தடிக்காமலிருக்க சிலிகோன் பட்டை ஒட்டி, வெயில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். சில மாதத்தில் தழும்பு தட்டையாகி, மெல்லிய கோடாக நின்றது. அதை விரலால் தடவி, வேலையில் பார்ப்பதுபோலவே வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"இப்படி ஆறினா ஃபர்ஸ்ட் கிரேடு, சிஸ்டர். அடுத்தது இடது கையில."

புண்ணை ஆற்றத்தான் எனக்குச் சம்பளம். பிடிவாதத்தை ஆற்ற யாரும் சம்பளம் தரவில்லை, தந்திருந்தாலும் செய்திருக்க மாட்டேன்.