சாமிக்குப் போகும் ரோஜாக்கள்

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து ஐம்பது. காப்பிக்குத் தண்ணீர் வைக்க எழுந்தவன் முன்பக்க சன்னலைத் திறந்தபோது முதலில் தெரிந்தது ஒரு கை. வேலிக்கு மேலே, கைப்பேசி வெளிச்சத்தில், மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டிய கை. அது ஒரு பன்னீர் ரோஜாவை வளைத்து, ஒடித்து, கீழே கொண்டுபோனது. பிறகு மறுபடியும் மேலே வந்தது. அவசரம் எதுவும் அதனிடம் இல்லை. சொந்தச் சட்டைப் பையிலிருந்து சில்லறை எடுப்பதுபோல எடுத்துக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்து வெளியே போனேன். கைக்கு உரியவர் இரண்டு வீடு தள்ளி இருப்பவர். போர்ட் கிள்ளானில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடியிருப்புக் கோயிலின் செயலாளர். தோளில் ஜவுளிக்கடைப் பை ஒன்று தொங்கியது. அது பாதி நிறைந்திருந்தது.

"என்னா பிரதர், இவ்ளோ சீக்கிரம் எழுந்திட்டீங்க?" என்றார், நான் அவர் வீட்டு வாசலில் நிற்பதுபோல.

"பூ பறிக்கிறீங்களா?"

"சாமிக்குத்தான் லா. வெளிய நீட்டிக்கிட்டு இருக்கறத மட்டுந்தான் எடுப்பேன். உள்ள கை வைக்க மாட்டேன்."

அதைச் சொன்னபோது அவருடைய கை முழங்கை வரைக்கும் வேலிக்கு உள்ளே இருந்தது. பத்திரிகையில் வேலை பார்த்த காலம் முழுவதும் மறுப்பு அறிக்கைகளை வாசித்தவன் நான். பொருளைக் கையில் பிடித்துக்கொண்டே மறுப்புத் தெரிவித்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

கிள்ளான் வெக்கையில் ரோஜா வளர்ப்பது புத்தியுள்ளவர்கள் செய்யும் காரியம் அல்ல. நானே பல வருடங்கள் செய்தேன். கேமரன் மலைக்குப் போகும்போதெல்லாம் தொட்டியும் பூவுமாக ஒன்று வாங்கி, காரின் பின் இருக்கையில் குழந்தையைப்போல் வைத்து இறக்கிக்கொண்டு வருவேன். மலையில் அது ராணி. இங்கே வந்த முதல் வாரம் நோயாளி, இரண்டாம் வாரம் குச்சி. எங்கள் தெருவில் ஏறக்குறைய எல்லா வீட்டு வாசலிலும் அப்படிப்பட்ட குச்சிகள் நின்றன. யாரும் அவற்றைப் பிடுங்கிப் போடவில்லை. துளிர்க்கும் என்ற நம்பிக்கையில் முட்டை ஓட்டையும் வாழைப்பழத் தோலையும் செத்த செடியின் காலடியில் கொட்டினார்கள். வாட்ஸ்அப்பில் யாரோ சொன்னார்களாம்.

எங்கள் வீட்டில் பிழைத்தது என் மனைவி கொண்டுவந்த செடி. சாலாக் செலாத்தானில் இருக்கும் அவள் அக்கா வீட்டிலிருந்து நான்கு குச்சிகளை ஒடித்து, ஈரத் துணியில் சுற்றி, ரயிலில் எடுத்து வந்தாள். பழைய பெயின்ட் வாளிகளில் ஊன்றினாள். பன்னீர் ரோஜா. மலை ரோஜாவின் மிடுக்கு இதற்குக் கிடையாது. இதழ்கள் கசங்கிய மாதிரி இருக்கும். காலையில் விரிந்தால் மாலைக்குள் உதிர்ந்துவிடும். ஆனால் கிள்ளான் வெயிலைத் தாங்கும். வாசம் கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போகும். அதுதான் தொல்லையாகிவிட்டது.

வீட்டின் பின்சந்தில் அவள் மற்றதையெல்லாம் வைத்திருந்தாள். ஒரு முருங்கை, கத்தரி, பயற்றங்கொடி, ஊசிமிளகாய். இந்த நாட்டில் பருவம் என்றால் மழை, மழை இல்லாதது, காடெரியும் புகைமூட்டம் என்று மூன்றுதான். ஆனாலும் காய்களுக்கு ஏதோ கணக்கு இருக்கிறது. மழை விட்ட பிறகு முருங்கை காய்த்துத் தள்ளும். கத்தரி இளசாக இருக்கும் இரண்டு வாரத்தில் நெத்திலி போட்டு, மிளகாய் விழுதோடு சம்பல் செய்வாள். அந்த நாட்களில் நான் வெளியே சாப்பிடமாட்டேன். மிஞ்சியதைப் பை பையாகக் கட்டி அக்கம்பக்கத்துக் கேட்டில் மாட்டிவிட்டு வருவாள். செயலாளர் வீட்டுக் கேட்டில் மாட்டும் பைதான் எப்போதும் பெரியது.

அவர் வீட்டு முன்னால் ஒரு மாமரம் உண்டு. காய்க்கும் காலத்தில் ஒவ்வொரு காய்க்கும் செய்தித்தாளைச் சுற்றி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவைப்பார். நான் வேலை பார்த்த பத்திரிகையும் அதில் இருக்கும். ஒருமுறை நான் தயாரித்த பக்கத்தின் தலைப்பு ஒன்று தலைகீழாகத் தொங்கியது. அதைத் தினமும் அக்கறையோடு பார்த்த வாசகர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அந்த மரத்தில் ஒரு கிளை தெருவுக்குள் நன்றாகவே நீண்டிருக்கிறது. என் மனைவி ஒருநாள் பச்சடிக்கு இரண்டு மாங்காய் கேட்டாள்.

"பிஞ்சு மா. இப்ப பறிச்சா பாவம்," என்றார்.

அடுத்த வாரம் கேட்டபோது சாமிக்கு நேர்ந்துவிட்டதாகச் சொன்னார். நேர்ந்துவிட்ட பழங்களை அவர் மருமகன் சுபாங் ஜெயாவிலிருந்து வந்து காரின் பின்பக்கம் நிறைய ஏற்றிக்கொண்டு போனதைத் தெருவே பார்த்தது.

எங்கள் ரோஜா எங்களுக்குத் திரும்பி வராமலும் இல்லை. வெள்ளிக்கிழமை உச்சிக்கு முன்னால் இலைத்துண்டில் குங்குமம், விபூதி, இரண்டு பன்னீர் ரோஜா என்று கொண்டுவந்து, "உங்க குடும்பத்துக்குன்னு தனியா கேட்டு வாங்கியாந்தேன்," என்பார். தெருவில் வேறு யாரிடமும் பன்னீர் ரோஜா கிடையாது. என் மனைவி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். நன்றி சொல்லும்வரை அவர் நகரமாட்டார்.

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் தாமரைப் படம் போட்டு ஒரு நற்செய்தி அனுப்புவதும் அவர்தான். ஒருநாள் வந்த செய்தி: விளக்கு வைத்த பிறகு செடிகளைத் தொடாதீர்கள், அவை உறங்குகின்றன, சூரியன் வரும்வரை எழுப்புவது பாவம். என் மனைவிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாலையில் விளக்கு ஏற்றிவிட்டால் ஒரு கறிவேப்பிலைகூடக் கிள்ளமாட்டாள். ரசம் அது இல்லாமலேயே கொதிக்கும். அந்தச் செய்தியைப் படித்த பிறகு நான் அவரிடம் கேட்டேன். நம் ஊரில் சூரியன் வருவதே ஏழு மணிக்கு மேல்தான், ஆறு மணிக்கு முன்னால் டார்ச் அடித்துப் பறித்தால் செடி விழித்துக்கொள்ளாதா என்று. என் மனைவியும் பக்கத்தில் நின்றாள்.

"அது பிரம்ம முகூர்த்தம் பிரதர். கணக்கில வராது," என்றார்.

மகளுக்குக் கல்யாணம் முடிவானது. ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிரிக்ஃபீல்ட்ஸ் கோயில் ஒன்றில். ஏற்பாடுகள் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே என் மனைவி எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்திருந்தாள். புடவை நிறம் மகளின் இஷ்டம், சாப்பாடு மாப்பிள்ளை வீட்டின் இஷ்டம், மணவறை அலங்காரம் அதற்கென்று வந்த ஆளின் இஷ்டம். அவன் ஐபேடில் காட்டிய ரோஜாக்கள் எல்லாம் துணியில் செய்தவை. "இது வாடாது ஆன்டி, ஆயிரம் கல்யாணத்துக்குத் தாங்கும்," என்றான், அது மணமக்களுக்குச் சொல்லும் வாழ்த்துபோல. தலை அலங்காரம் செய்ய வந்த பெண்ணும் பிளாஸ்டிக் பூச்சடை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினாள். அங்கேதான் என் மனைவி வாய் திறந்தாள். சடையில் வைக்கும் பூ மட்டும் தன் செடியிலிருந்துதான் வரவேண்டும் என்றாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

மகள் ஒத்துக்கொண்டாள், நிபந்தனையோடு. "பூத்தா வெக்கிறேன் மா. பூக்கலன்னா பிளாஸ்டிக்தான். அன்னிக்கிக் காலையில டென்ஷன் வேணாம், சரியா?"

ஒரு நாளில் உதிரும் பூவைச் சேர்த்துவைக்க முடியாது. நான்கு செடியும் ஒரே காலையில் பூக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, நாற்பது நாள் போல முன்னதாகக் கிளைகளை ஒட்ட வெட்டிவிடுவது. துளிர் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி மொட்டும் ஒன்றாக வரும். ஆடி மாதத்தில் ஒரு காலை, ஏழரை மணி வெயிலில், அவள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான்கு செடியும் மொட்டையாக நின்றன.

செயலாளர் அன்றே வந்துவிட்டார். வாசலில் துக்கம் விசாரிக்க வந்தவர்போல் நின்றார்.

"என்னா மா இது? ஆடி மாசம் அம்மனுக்குப் பூ எவ்ளோ தேவப்படும்னு தெரியாதா? இப்பப் போயி வெட்டிட்டீங்களே!"

"மக கல்யாணத்துக்குண்ணே."

"அதுக்குன்னு? கேட்டுட்டு வெட்டியிருக்கலாம்ல?"

அவரிடம் கேட்டுவிட்டு வெட்டவேண்டுமாம். நான் பதில் சொல்ல வாய் எடுத்தபோது என் மனைவி கத்தரிக்கோலை என் கையில் கொடுத்துக் கழுவிவரச் சொன்னாள்.

மொட்டுகள் அவள் நினைத்தபடியே வந்தன. கல்யாணத்துக்கு முந்திய வியாழக்கிழமை அவர் வேலியோரம் நின்று, ஒவ்வொரு கிளையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தையில் ஆட்டின் முதுகைத் தடவுபவர் அப்படித்தான் பார்ப்பார்.

"ஞாயித்துக்கிழமைதான் எல்லாம் விரியும் போல மா. நல்லதாப் போச்சு. அன்னிக்கி நம்ம கோயில்ல ஆண்டு விழா."

குழுவிலும் அன்று மாலை செய்தி வந்தது. விழாவுக்கு அனைவரும் மலர்கள் தந்து அருள் பெறுக, தாமரைப் படத்துடன்.

நான் நேராகப் போய்ப் பேசுகிறேன் என்றேன். என் மனைவி தடுத்தாள். "சாமிக்குன்னு கேக்கறவருகிட்ட இல்லன்னு சொல்லிட்டு, அடுத்தநாளு மகள மணவறையில உக்கார வெக்கச் சொல்றீங்களா? நாளைக்கி ஏதாச்சும் ஒன்னுன்னா என் மனசுதான் கெடந்து அடிச்சிக்கும்." அவர் நம்பியிருந்ததும் இதைத்தான். எங்கள் சனங்களில் சாமி பெயரைச் சொல்லிக் கைநீட்டுபவனிடம் முடியாது என்று சொல்ல யாருக்கும் துணிவு வராது. அதைத் தெரிந்துகொண்ட ஒருவருக்குத் தெருவில் உள்ள எல்லாத் தோட்டமும் சொந்தம்.

சனிக்கிழமை மாலை மொட்டுகள் உப்பியிருந்தன. இப்போதே வெட்டி ஈரத் துணியில் சுற்றிவைத்தால் காலையில் விரியும் என்றேன்.

"விளக்கு வெச்சாச்சு," என்றாள்.

விடிந்த பிறகு அவள் பறிக்கலாம். விடியுமுன் அவர் வருவார். அவளுக்கென்று ஒரு நேரமும் மிச்சமில்லை.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கே தலை அலங்காரப் பெண் வந்து மகளின் அறையில் உட்கார்ந்துவிட்டாள். பிளாஸ்டிக் சடை கட்டில்மேல் தயாராகக் கிடந்தது. என் மனைவியைக் காணவில்லை. காப்பியோடு சன்னல் பக்கம் வந்தேன். சொல்லிவைத்ததுபோல் வேலியோரம் வெளிச்சம் வந்தது. சிவப்புக் கயிறு கட்டிய கை மேலே வந்தது.

"வந்துட்டீங்களாண்ணே?" என்று செடிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

கை அப்படியே நின்றது. என் மனைவி குட்டை முக்காலியில், பட்டுப் புடவையோடு, மடியில் எவர்சில்வர் பேசின் ஒன்றை வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாள். எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியாது.

"அந்த வெளிச்சத்தக் கொஞ்சம் கீழ பிடிங்க. கண்ணு தெரியல."

"என்னா மா... இந்த இருட்டுல செடியில கை வெக்கிறீங்க?"

"பிரம்ம முகூர்த்தம்ண்ணே. கணக்கில வராது."

அவர் வெளிச்சத்தைப் பிடித்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. சின்னக் கத்தரியால் ஒவ்வொரு பூவாக நறுக்கிப் பேசினில் போட்டாள். ஒடிக்கவில்லை, இழுக்கவில்லை.

"இன்னும் இப்பிடி. கை ஆடுது பாருங்க."

"வயசாச்சுல மா."

"ரெண்டு கையாலயும் பிடிங்க."

உள்ளே முடிந்ததும் கேட்டைத் திறந்து வெளியே வந்தாள். தெருவுக்கு நீண்டிருந்த கிளைகளையும் விடவில்லை. அவர் ஒதுங்கி வழிவிட்டு வெளிச்சத்தோடு பின்னால் போனார். தோளில் ஜவுளிக்கடைப் பை வெறுமையாகத் தொங்கியது.

"சாமிக்கு ரெண்டு, மூனாச்சும்..." என்றார்.

"சாமி முன்னாடிதான்ணே தாலி கட்டறாங்க. அவரு அங்கயே பாத்துக்குவாரு. மொபைல அந்தப் பக்கம் திருப்புங்க, மூலையில ஒன்னு இருக்கு."

"பேட்டரி கம்மியா இருக்கு மா."

"முடிஞ்சிருச்சு. நீங்க எட்டு மணிக்கு வேன்ல வந்துருங்க, எடம் போட்டிருக்கு."

மகள் பன்னீர் ரோஜாச் சடையோடுதான் மணவறைக்குப் போனாள். தலை அலங்காரப் பெண் பிளாஸ்டிக் சடையைப் பெட்டிக்குள் திருப்பி வைக்கும்போது, "உதிர்ந்தா என்னைய சொல்லாதீங்க ஆன்டி," என்றாள். தாலி கட்டும்வரை உதிரவில்லை. சாப்பாட்டுக்குப் போகும் வழியில் உதிர ஆரம்பித்தது. கோயிலில் வேலை செய்பவர் துடைப்பத்தால் கூட்டி அள்ளினார்.

ஆண்டு விழாவை மற்றவர்களிடம் விட்டுவிட்டுச் செயலாளர் கல்யாணத்துக்கு வந்திருந்தார். பந்தியில் எனக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தார். பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். பக்கத்து இலைக்காரர் பெண்ணின் சடையைப் புகழ்ந்தபோது, "எல்லாம் வீட்டுப் பூ. இருட்டுல நான்தான் வெளிச்சம் பிடிச்சேன்," என்றார்.

என் மனைவி அடுத்த வாரமே செடிகளுக்கு எரு போட்டாள். வெள்ளிக்கிழமை ஐந்து ஐம்பதுக்கு எங்கள் வேலியோரம் வெளிச்சம் இல்லை. எதிர்வரிசையில் கடைசி வீட்டுக்காரர்கள் செம்பருத்தி வைத்திருக்கிறார்கள்.