காருக்குப் பின்னால் போட்ட மாலை

எங்கள் வீட்டில் யாராவது அந்தக் கார் கதையை எடுத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கல்யாணம், காதுகுத்து என்று நாலு பேர் கூடினால் போதும், அத்தை கம்ப்யூட்டர் வைத்த கார் பாதி வழியில் படுத்துக்கொண்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறதாம்?

பொன்னமராவதியில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற அந்த முட்டை வடிவக் காருக்கு எஞ்சின் பின்னால். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. காற்று பட்டுத்தான் சூடு ஆறும். அப்பா கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதை ஓட்டியவர், வேறு யாரையும் கிட்டே விடமாட்டார். ஒருநாள் பின்கண்ணாடிக்குக் கீழே வரிசையாக இருந்த சந்துகளின்மேல் நான் ஈரத் துண்டைக் காயப்போட்டுவிட்டேன். தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். பெயிண்ட் போய்விடும் என்றுதான் கத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு காருக்கு வயதாகிவிட்டது. காலையில் ஸ்டார்ட் ஆகாது, ஆனால் வீடெல்லாம் பெட்ரோல் நாற்றம் அடிக்கும். கடைசியில் அதன் தலையில் மாட்டுத்தீவன மூட்டையை அடுக்க ஆரம்பித்தார்கள்.

அந்தக் காரைத்தான் அப்பாவின் தங்கை, என் அத்தை, கையில் எடுத்தாள். இன்ஜினியரிங் முடித்தவள். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. பொம்பளைப்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பமாட்டேன் என்று அப்பா நேராகச் சொல்லியிருந்தால்கூட மதித்திருப்பேன். அவர் சொன்னது வேறு.

"வாசல்ல நிக்கிற காரை முதல்ல ஓடவச்சுக் காட்டு. குடுமியான்மலைக்கு வழியில நிக்காமப் போயிட்டு வந்துட்டா நானே ஒன்னைய ஓசூருக்கு பஸ் ஏத்தி விடுறேன். நின்னுச்சுன்னா, பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு மறுபேச்சு இல்லாமக் காப்பி குடுக்கணும்."

அத்தை சரி என்றாள்.

அந்தக் கோடை முழுக்க அவள் கையில் கிரீஸ்தான். கார்புரேட்டரைக் கழற்றிப்போட்டாள். அது குத்துமதிப்பாகப் பெட்ரோல் விடும் சாமானாம். அந்த இடத்தில் இஞ்செக்டர் வந்தது. எவ்வளவு காற்று உள்ளே போகிறது, எஞ்சின் எவ்வளவு சூடு என்று பார்த்து அதற்குத் தக்கபடி பெட்ரோலைப் பீய்ச்சச் சொல்ல ஒரு சின்ன கம்ப்யூட்டர் பெட்டி. இதில் வம்பு என்னவென்றால், அதோடு வந்த சூடு பார்க்கும் சென்சார் தண்ணீருக்குள் இருக்க வேண்டியது. இந்த எஞ்சினில் தண்ணீருக்கு எங்கே போவது? மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் வேறொரு சென்சாரை எஞ்சின் உடம்போடு ஒட்டப் பொருத்தினாள். சூடு எல்லை மீறினால் பெட்ரோலை நிறுத்திவிடும்படியும் அந்தப் பெட்டிக்குள் எழுதிவைத்தாள். எஞ்சின் வெந்துபோகக் கூடாதே. அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

கிளம்புகிற அன்று சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். அப்பா கை கொள்ளாத செவ்வந்தி மாலை ஒன்றை வாங்கி வந்தார். அம்மா அதை முன்னால் கட்டப் போனாள். "எஞ்சின் எங்கிட்டு இருக்கோ அங்கிட்டுத்தானே போடணும்" என்று சொல்லி, அப்பாவே பின்னால் போய்ச் சந்துகளின்மேல் விரித்துக் கட்டினார். தங்கச்சிமேல் எவ்வளவு பாசம் என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தை ஸ்டியரிங் பக்கம் குனிந்து லேப்டாப்பில் வயரைச் செருகிக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை.

அத்தை ஓட்டினாள், அப்பாவும் நானும் கூட ஏறிக்கொண்டோம். கார் பூப்போல ஓடியது. குடுமியான்மலைக் குன்று கண்ணுக்குத் தெரிந்த இடத்தில், என் மடியில் இருந்த லேப்டாப்பில் சூடு காட்டும் எண் சிவப்பானது. எஞ்சின் தானாக நின்றது.

"கம்ப்யூட்டரு புட்டுக்கிச்சா?" என்றார் அப்பா.

அத்தை இறங்கிப் பின்மூடியைத் திறந்தாள். காற்றாடியின் வாயில் செவ்வந்தி அடைத்துக்கொண்டு, பாதி வெந்து நாறியது. அள்ளி அள்ளி எடுத்தாள். பிறகு நிமிர்ந்து, சத்தமே இல்லாமல் கேட்டாள்.

"இதுதான் காத்து இழுக்குற எடம்னு ஒங்களுக்குத் தெரியாதாண்ணே?"

எனக்கு வந்ததே கோபம். பாசமாக மாலை போட்ட மனுஷனை நடுரோட்டில் நிறுத்தி இப்படியா கேட்பது? "அப்பாவுக்கு எப்படித் தெரியும்? நீங்கதானே அத்தை சொல்லியிருக்கணும்" என்று கத்தினேன். அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார். அத்தை என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூடு ஆறியதும் கார் ஒரே சாவியில் கிளம்பியது. கோயிலுக்குப் போய் வீடு திரும்பும்வரை ஒரு முனகல் இல்லை. உண்மையில் அந்தப் பெட்டிதான் எஞ்சினைக் காப்பாற்றியிருந்தது. ஆனால் "நின்னது நின்னதுதானே ஆத்தா" என்று அப்பா முடித்துவிட்டார். ஆவணியில் அத்தை காப்பி கொடுத்தாள். இன்றைக்கு அவள் புகுந்த வீட்டில் மிக்ஸி ரிப்பேரானால்கூட கடையிலிருந்து ஆள் வரச் சொல்கிறார்கள். கேட்டால் வயிறு எரிகிறது.

அன்றைக்கு ஈரத் துண்டுக்காக அப்பா கத்தினாரே, அது பெயிண்டுக்காக இல்லை. எனக்கு இது உறைக்க இத்தனை வருஷம் ஆனது. அத்தைக்கு அந்த ரோட்டிலேயே, கை நிறைய வெந்த பூவோடு நின்றபோதே தெரிந்துவிட்டது. அவள் கேட்டது அப்பாவை. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொல்லிவிட்டேன்.