ஆலமரத்தில் கட்டிய சாக்கு

எங்கள் சிவலைப் பசு ஏழாம் மாதத்தில் கன்றை வீசிவிட்டது. கன்று செத்து விழுந்தது. இளங்கொடி, அதுதான் நஞ்சுக்கொடி, விழவே இல்லை. மறுநாள் மத்தியானம்வரை பார்த்துவிட்டு, கையை விட்டு எடுத்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் கிளம்பினார். மளிகைக்கடை பிளாஸ்டிக் கவர் ஒன்றைத் தேடி எடுத்து வலது கையில் மாட்டிக்கொண்டு வந்தார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. குச்சிக்கிழங்குத் திப்பியை, அந்த மரவள்ளிச் சக்கையை, மாட்டுக்குக் கண்டபடி போட்டுத்தான் சினை கலைந்தது என்று அவர்மேல் எரிச்சல் வேறு. "ஏனுங்க, நம்மூட்டு மாட்டத் தொட நமக்கே அருவருப்புங்களா? பெரிய ஆபரேசன் டாக்டராட்ட வாரீங்க!" என்றேன். அவர் கவரை உருவிக் கீழே போட்டார். வெறுங்கையை விட்டு, அழுகிய கொடியைத் துண்டு துண்டாக எடுத்தார். அதைச் சாக்கில் கட்டி ரோட்டோரத்து ஆலமரத்தில் தொங்கவிட்டதும் அவர்தான். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் குறையாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். செத்த கன்றின் கொடிக்கும் அதையே செய்தோம், புத்தி கெட்டுப்போய்.

ஒரு மாதத்தில் அவருக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது. சாயங்காலம் வரும், காலையில் இருக்காது. சட்டை பிழிகிற அளவுக்கு வேர்த்தது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "பால் கறக்கற நேரம் பாத்துத்தான் காச்சல் வருதுங்களா?" என்று குத்தினேன். அந்த வாயை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குள் பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு மாடுகள் கன்று வீசின. எங்கள் சாக்கை நாய்கள் இழுத்துப்போய் அவர்கள் கட்டுத்தரைப் பக்கம் போட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. கால்நடை டாக்டரம்மா வந்தார். சிவலை கறந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்சப் பாலைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஊதா மருந்து ஒரு சொட்டு விட்டுக் கலக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பால் மறுபடி வெள்ளையாக இருந்தது. "அப்பாடா, ஒண்ணுமில்லீங்களே?" என்றேன்.

"மேல பாருங்கம்மா" என்றார். மேலே திரண்ட பாலேட்டில் மட்டும் ஊதா வளையம் கட்டியிருந்தது.

"கன்று வீச்சு நோய்ங்க. இது மனுசங்களுக்கும் ஒட்டும். ஊட்டுல யாருக்காச்சும் காச்சல் இருக்குதுங்களா?"

கட்டிலில் போர்த்திப் படுத்திருந்தவரைக் கையால்தான் காட்ட முடிந்தது.

சேலத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து அதேதான் என்றார்கள். முதுகெலும்புவரை போய்விட்டதாம். காய்ச்சல் அடங்கும், இனி குனிந்து நிமிர்ந்து வேலை செய்ய முடியுமா என்பதைச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பிறகு அவரிடம், "கொடியை எடுக்கறப்போ கையில ஏதாச்சும் உறை மாட்டியிருந்தீங்களா?" என்று கேட்டார்.

நான் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"இல்லீங்க சார். எனக்கு அதெல்லாம் தோணலீங்க" என்றார்.