துணியில் இருந்த இரண்டாவது கறை

ஹப்சிகுடாவில் தனியாக இருக்கிறேன். என் வேலையைப் பற்றி வெளியே பேசக் கூடாது. பேச ஆளும் இல்லை. மின்காந்த விசையால் குண்டை ஏவும் கருவியில், குண்டைப் பின்னாலிருந்து தள்ளும், மின்சாரம் பாயும் கனல்வாயுவான பிளாஸ்மா எப்படிப் பாயும் என்று கணினியில் கணக்குப் போடுபவன் நான்.

சோதனைகளில் குண்டு என் கணக்கைவிட மெதுவாகவே போனது. அளவெடுப்பதில் தவறு என்று டெக்னீஷியன் செல்வத்தின்மீது பழிபோட்டு அறிக்கை எழுதினேன். அவரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

கிளம்பும் நாளில் ஒரு பையோடு வந்தார். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் கருவியின் செப்புத் தண்டவாளத்தில் ஒற்றியெடுத்த நீளத் துணிகள். எல்லாவற்றிலும் இரண்டு கரிக்கறைகள்; என் கணக்குப்படி ஒன்றுதான் இருக்க வேண்டும். குண்டு கடந்துபோன இடத்தில் இன்னொரு பிளாஸ்மா மூண்டு, மின்சாரத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. என் கணக்கில் அது இல்லவே இல்லை.

“ஏன் முன்னாடியே காட்டல?”

“நீங்க ஒருநாள்கூட டெஸ்ட் ரூமுக்கு வரலியே சார்.”

“அறிக்கையைத் திருத்தி எழுதிடறேன்.”

“நக்கோ சார், வேணாம், விடுங்க. கணக்கைத் திருத்துங்க.”

திருத்தினேன். வேகம் இப்போது சரியாகப் பொருந்துகிறது. அவர் சொன்னதையே சாக்காக வைத்து, அறிக்கையை மட்டும் இன்னும் தொடவில்லை.

இப்போதெல்லாம் மதியச் சாப்பாட்டை டெஸ்ட் ரூமுக்கு எடுத்துப் போகிறேன். அங்கே யாரும் இல்லை.